ஆகஸ்டில் இலங்கை: டைவிங்கும் யானையும் ஒரே பயணத்தில் முடியுமா?

பெரம்பூர்வாசி:

வணக்கம். நானும் மனைவியும் ஆகஸ்ட் இரண்டாவது வாரம் ஒன்பது நாள் இலங்கை போவதாக இருக்கிறோம். மார்ச்சில் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடித்தேன். லாக் புக்கில் ஆறு டைவ் இருக்கிறது. அதில் இரண்டில் தண்ணீர் ஒரே கலங்கல், முன்னால் போன இன்ஸ்ட்ரக்டர் காலில் மாட்டியிருந்த மஞ்சள் ஃபின்னைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. மனைவிக்குக் கடல் என்றால் மெரினாவில் கால் நனைப்பதோடு சரி, நீச்சலும் தெரியாது. அவளுக்கு யானை வேண்டும், முடிந்தால் சிறுத்தை. வண்டலூரில் எந்தக் கூண்டில் எது இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

எழும்பூரில் ஒரு டிராவல்ஸில் இப்படித் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்: முதல் இரண்டு நாள் ஹிக்கடுவையில் டைவிங், அடுத்த நாள் மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம், பிறகு யால சஃபாரி, எல்லவிலிருந்து நுவரெலியாவுக்கு ரயில், கண்டி, சிகிரியா, கடைசியில் கொழும்பு. ஒன்பது நாளில் ஏழு ஓட்டல். படிக்கும்போதே இடுப்பு வலித்தது. இது நடக்கிற காரியமா?

இன்னொன்று. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மீஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கிக் கிடப்பதாக ஒரு வீடியோ பார்த்தேன். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. ஹிக்கடுவையை வெட்டிவிட்டு அங்கே போகலாமா? போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


போர்ட்பிளேர் பித்தன்:

எதற்கு சார் பாஸ்போர்ட், விசா, டாலர் கணக்கு எல்லாம்? சென்னையில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரை மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை). அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நான் ஐந்து முறை போயிருக்கிறேன், ஐந்தும் பொங்கல் விடுமுறையில். யானை வேண்டுமென்றால் முதுமலைக்குத் தனியாக ஒரு தரம் போய்க்கொள்ளுங்கள்.


நீலாங்கரை ஆமை:

அந்தமான் நண்பரே, பொங்கலுக்குப் போனால் கண்ணாடிதான். பெரம்பூர்காரர் கேட்பது ஆகஸ்ட். அப்போது அந்தமானில் தென்மேற்குப் பருவமழை நடுவில் இருக்கும். காலையில் எழுந்து இன்றைக்குப் படகு விடுவார்களா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நான் ஆகஸ்ட் விஷயத்தில் கொஞ்சம் அனுபவசாலி. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஜூலை 31 வரை பாதி சென்னையின் வருமானம் என் மேஜைமேல் கிடக்கும். அது முடிந்தால்தான் எனக்கு லீவு. 47 வயதில் டைவிங் கற்றுக்கொண்டேன், வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு லீவு கிடைக்கிற மாதத்தில் எந்தக் கடல் திறந்திருக்கிறது என்று தேடித்தான் திருகோணமலையைக் கண்டுபிடித்தேன். 2022, 2023, 2024 என்று மூன்று ஆகஸ்ட் அங்கேதான் கழிந்தது.

உங்கள் டிராவல்ஸ்காரர் கொடுத்தது ஜனவரி மாதத்துத் திட்டம். தேதியை மட்டும் மாற்றி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். இலங்கைக்குக் கடல் சீசன் இரண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சென்னைக்காரர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை கொண்டுவருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் மழை கொண்டுவருகிறது. அந்தக் கரையும் நாமும் ஒரே கட்சி. ஹிக்கடுவை, மிரிஸ்ஸ எல்லாம் கேரளா கட்சி. ஆகஸ்டில் கோவளம் கடலில் (கேரளாக் கோவளம், நம் முட்டுக்காட்டுக்கு அடுத்தது இல்லை) யாராவது டைவ் அடிப்பார்களா? மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கும் மேற்கும். ஆகஸ்டில் ஹிக்கடுவை போனால் அலையைப் பார்த்துக்கொண்டு இஞ்சி டீ குடிக்கலாம். அதை எலியட்ஸ் பீச்சிலேயே செய்யலாமே.

ஆகவே தெற்கை முழுசாக வெட்டிவிடுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை. காரில் ஐந்தாறு மணி நேரம். அங்கேயே நிலாவெளியில் ஐந்து ராத்திரி தங்குங்கள். திரும்பி வருகிற வழியில் ஹபரணை குறுக்கே வரும், யானை அங்கே இருக்கிறது. மொத்தமே மூன்று ஓட்டல்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். படகிலிருந்து இறங்கும்போதே காலுக்குக் கீழே கடகடவென்று சத்தம் கேட்கும். குனிந்து பார்த்தால் மணலே இல்லை, விரல் விரலாக உடைந்த வெள்ளைப் பவளத் துண்டுகள். முதல் வருஷம் நான் டைவுக்கு முந்தின நாள் சும்மா மாஸ்க் போட்டு அந்தக் கரையில் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர். என் முழங்காலுக்கும் ஒரு பாறைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒன்று நழுவிப் போனது. முதுகுத் துடுப்பின் நுனி மட்டும் மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி கறுப்பு. கருமுனைச் சுறா. என் கை நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பயப்பட நேரமே இல்லை, அதற்குள் அது என்னைப் பார்த்துப் பயந்து திரும்பிவிட்டது. பத்து நிமிஷத்தில் ஐந்தை எண்ணினேன். அசையாமல் நின்றால் வட்டமடித்து வரும், காலை உதைத்தால் காணாமல் போகும். அவ்வளவுதான் அதன் வீரம்.

அப்புறம் ஆமை. நான் ஜனவரி, பிப்ரவரி ராத்திரிகளில் பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை, முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி ‘ஆமை நடை’க்குப் போகிறவள், பெயரைப் பார்த்தே ஊகித்திருப்பீர்கள். 2025 ஜனவரியில் நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. அந்த மாதம் முழுக்க நான் பார்த்த ஆமை எல்லாம் அப்படித்தான். அப்போதெல்லாம் புறாத்தீவில் பார்த்த ஒரு அழுங்காமையை நினைத்துக்கொள்வேன். எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பாறை இடுக்கில் தலையை விட்டு எதையோ பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. கிளி மூக்கு மாதிரி வாய். ஒவ்வொரு கடிக்கும் முன்காலால் பாறையை உந்திக்கொண்டது, நாம் கரும்பு கடிக்கும்போது தலையை இழுப்போமே, அப்படி. தூள் பறந்ததும் சின்ன மீன்கள் பொறுக்க வந்தன. நான் மூன்று மீட்டர் தள்ளி நின்றேன். ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிடப் போய்விட்டது.

அதே இடத்தில் மறுநாள் ஒன்பதரை மணிக்கு வேறு காட்சி. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில் நாற்பது ஐம்பது பேர், பாதிப் பேர் பவளத்தின்மேல் ஏறி நின்று மாஸ்க்கைத் துடைக்கிறார்கள். ஒரு படகுக்காரர் ஆமையின் ஓட்டைப் பிடித்து நிறுத்தி, வாங்க வாங்க போட்டோ எடுங்க என்கிறார். நான் கத்தினேன். அவர் ஆமையை விட்டுவிட்டு என்னைத்தான் திட்டினார். முதல் படகில் போய், கூட்டம் வரும்போது கிளம்பிவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், வரிசை. உங்கள் திட்டத்தில் டைவிங் முடிந்து சில நாளில் நுவரெலியா இருக்கிறது, அதனால் ஆபத்தில்லை. சிலர் காலையில் டைவ் அடித்துவிட்டு மதியமே மலை ஏறுகிறார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். டைவ் முடிந்ததும் உடம்பில் கரைந்த நைட்ரஜன் உடனே போய்விடாது, மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழி கட்டும், சோடா மூடியைத் திறந்த மாதிரி. விமானத்துக்கும் இதே கதை. பல டைவ் அடித்திருந்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். நான் முழுசாக இரண்டு நாள் விடுவேன். அதனால்தான் கடல் முதலில், காடு பிறகு. ஹபரணை சமவெளி, ஜீப்பில் குலுங்கினாலும் நைட்ரஜனுக்குக் கவலை இல்லை.


பெரம்பூர்வாசி:

அக்கா, ஒரே பதிலில் டிராவல்ஸ்காரரின் அட்வான்ஸைத் திரும்ப வாங்க வைத்துவிட்டீர்கள். (பாதிதான் கொடுத்தார், அது வேறு கதை.) கேரளா கட்சி, நம்ம கட்சி என்று சொன்னது மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இரண்டு சந்தேகம். புதுச்சேரியில் இறங்கும்போது எனக்கு இடது காது ஒவ்வொரு தடவையும் அடைத்துக்கொண்டது. வாடகைக் கருவிகள் வேறு பயமாக இருக்கிறது, புது ஊர், புது ஆட்கள். ஹெர்மீஸ் பற்றி யாருமே வாயைத் திறக்கவில்லையே?


கோணமலையான்:

வணக்கம் தம்பி. நான் திருகோணமலைதான், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே. எங்கட ஊரைப் பற்றிச் சென்னையில் இவ்வளவு கதைக்கிறார்கள் என்று பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அக்கா சொன்னது சரி, ரெண்டொரு விஷயம் நான் சேர்க்கிறேன்.

ஆகஸ்டில் இங்கே கச்சான் காற்று. (கடையில் கச்சான் கேட்டால் வறுத்த கடலை தருவார்கள். காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர், குழம்ப வேண்டாம்.) மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடல் பக்கம் வீசும். அதனால் கரையோரம் அலை இராது, குளம் மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் ஆட்கள் ஏமாறுவது. காற்று முதுகில் தள்ளும்போது நீந்த லேசு, திரும்பி வரும்போதுதான் தெரியும். காலையில் காற்றுக் குறைவு, பதினொரு மணிக்குப் பிறகு எழும்பும். டைவிங், தீவு எல்லாத்தையும் விடியவே முடியுங்கோ. நீச்சல் தெரியாதவர்களை லைஃப் ஜாக்கெட்டோடு மட்டும் இறக்குங்கோ, கூட ஒரு ஆள் கையைப் பிடித்தபடி நிற்க வேண்டும்.

கோணேசர் கோயிலுக்குக் கட்டாயம் போங்கோ. மத்தியானக் காற்று நேரத்துக்கு நல்லது. கோட்டை வாசலுக்குள்ளே போனவுடன் புள்ளிமான்கள் ரோட்டில் படுத்திருக்கும், உங்கட வீட்டுக்காரிக்கு அங்கேயே முதல் சஃபாரி. பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்துக் கடலில் தள்ளினது. 1956இல் அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோயில் நிற்கிற பாறைக்குக் கீழே டைவ் அடித்துத் தூண்களையும் சிலைகளையும் கண்டார்கள். லிங்கமும் கிடைத்தது. இப்பவும் சில டைவிங் ஆட்கள் அங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள். தண்ணீருக்குள்ளே நிற்கிற கல்லு வெட்டின கல்லு என்று விளங்கும்போது மேல் சிலிர்க்கும், நான் மாஸ்க் போட்டு மேலே இருந்து பார்த்ததற்கே அப்படி.

கடைசியாக ரோடு. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டினால் யானை ரோட்டில் நிற்கும். சும்மா சொல்லவில்லை, நான் ஒருநாள் முக்கால் மணித்தியாலம் வாகனத்தை நிறுத்தி வைத்திருந்தேன், அது ஒரு கிளையை முறித்துச் சாப்பிட்டு முடியும்வரை. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஆறு யானை செத்தது. காலை விமானத்தில் வந்து, வெளிச்சம் இருக்கும்போதே திருகோணமலைக்கு வந்து சேருங்கோ. இரவில் புட்டும் மீன் சொதியும் சாப்பிடுங்கோ, மிச்சம் எல்லாம் தானாக நடக்கும்.


நீலாங்கரை ஆமை:

கோணமலையான் சொன்ன காற்றுச் சமாசாரத்தை நான் பட்டுத்தான் கற்றேன். 2022இல் பத்தரை மணிக்குக் கரையிலிருந்து ஜாலியாக நீந்திப் போய், திரும்பும்போது ஒரு மீனவர் வள்ளத்தில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். காசு வாங்கவில்லை. சென்னையா, என்று மட்டும் கேட்டார்.

பெரம்பூர் தம்பி, முதலில் ஹெர்மீஸ். உங்கள் கார்டில் உங்களுக்கு அனுமதித்த ஆழம் 18 மீட்டர். ஹெர்மீஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. அடுத்த கோர்ஸான அட்வான்ஸ்டு முடித்தால்கூட 30 மீட்டர், பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையே 40. அதற்குக் கீழே போகிறவர்கள் வேறு வாயுக் கலவை, நிறைய சிலிண்டர், மேலே வரும்போது நின்று நின்று காத்திருப்பது என்று வருஷக்கணக்கில் பழகியவர்கள். யாராவது, நான் கூட்டிப்போகிறேன் வாங்க, என்று சொன்னால் அந்த ஆளிடம் மற்ற டைவும் அடிக்காதீர்கள். அதே கடலில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கிடக்கிறது, அதுவும் அதே நாளில் மூழ்கியது, இருபத்துச் சொச்சம் மீட்டர்தான். அட்வான்ஸ்டு முடித்துவிட்டு இன்னொரு ஆகஸ்டில் போங்கள்.

ஆனால் உங்களுக்கு ஏன் அதே நினைப்பாக இருக்கிறது என்று புரிகிறது. அது 1942 ஏப்ரல் 9. ஜப்பான் விமானங்கள் காலையில் திருகோணமலையில் குண்டு போட்டுவிட்டு, தெற்கே தப்பிப் போய்க்கொண்டிருந்த ஹெர்மீஸைத் தேடிப்பிடித்து மூழ்கடித்தன. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாதத்தில்தான் ஜப்பான் பயத்தில் மதராஸ் காலியானது. எங்கள் பாட்டி எந்தக் கதையைச் சொன்னாலும் ‘எவாக்குவேஷனுக்கு முன்னாடி’, ‘எவாக்குவேஷனுக்கு அப்புறம்’ என்றுதான் ஆரம்பிப்பாள். மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு வாலாஜாபேட்டை போனார்களாம், சாவியை வேப்பமரப் பொந்தில் வைத்துவிட்டு. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று பார்க் டவுன் மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலியை எல்லாம் சுட்டுவிட்டார்கள். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லாதீர்கள்.

காது: சளி இருந்தால் டைவ் இல்லை, அதில் பேச்சே கிடையாது. சளி இல்லாமலும் அடைக்கிறது என்றால் ஊரிலேயே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீருக்குள் தலைகீழாக இறங்காதீர்கள். கால் கீழே, நங்கூரக் கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், வலி வருவதற்கு முன்னாலேயே. வலி வந்துவிட்டால் ஊதாதீர்கள், ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி. கூட வருகிறவர்கள் கீழே நின்று முறைப்பார்கள். முறைக்கட்டும்.

கருவிக்கு வருகிறேன், இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு பாக்கி இருக்கிறது. 2023இல் நான் போன இடத்தின் பெயர் வேண்டாம். படகில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ரெடி ரெடி, குதிங்க என்று ஒரு பையன் அவசரப்படுத்தினான். என் பழக்கம், குதிக்கும் முன் ரெகுலேட்டரை வாயில் வைத்து, கண்ணைப் பிரஷர் மீட்டரிலேயே வைத்துக்கொண்டு நாலு மூச்சு ஆழமாக இழுப்பது. சும்மா பார்த்தால் முள் 200இல் இருக்கிறது, எல்லாம் சரி என்றுதான் தோன்றும். மூச்சு இழுத்தேன், முள் 120க்கு விழுந்தது. விட்டேன், 200க்கு ஏறியது. இழுத்தேன், விழுந்தது. கடிகாரப் பெண்டுலம் மாதிரி. அதற்கு அர்த்தம் சிலிண்டர் வால்வு முழுசாகத் திறக்கவில்லை, ஒரு கால் சுற்றுதான் திறந்திருக்கிறது. படகில் மூச்சு வரும். பதினைந்து மீட்டர் கீழே போனதும் ஒரு மூச்சுக்குத் தேவையான காற்று இரண்டரை மடங்காகும், அப்போது வராது. கையைப் பின்னால் விட்டு எட்டவில்லை. பையனிடம் காட்டினேன். ஓ, என்று சொல்லித் திறந்துவிட்டான். அந்த ‘ஓ’ இன்றைக்கும் காதில் இருக்கிறது. அன்றைக்கு டைவ் அடித்தேன், மறுநாள் வேறு இடத்துக்கு மாறிவிட்டேன்.

இந்த நாலு மூச்சை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். அதே மூச்சில் ருசியும் பாருங்கள், எண்ணெய் வாடை, புகை வாடை அடித்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். சாதாரணப் பயண இன்ஷூரன்ஸில் பெரும்பாலும் டைவிங் சேராது, பாலிசியைப் படித்துவிட்டு டைவிங்குக்கென்று தனியாக எடுங்கள். ஆபீஸில் பாலிசி படித்துப் படித்து என் கண்ணே போனது, அதனால் சொல்கிறேன்.

சரி, யானை. ஹபரணை பக்கத்தில் மின்னேரியா. மகாசேன மன்னன் 3ஆம் நூற்றாண்டில் கட்டிய ஏரி. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற ஏரிப் படுகையில் புது அறுகு முளைக்கும், அதைத் தின்ன ஆகஸ்ட் செப்டம்பரில் சுற்றுக் காட்டு யானைகள் எல்லாம் அங்கே சேரும். ஆனால் சமீப காலமாக மேலே மொரகஹகந்த அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள், சில சமயம் ஏரி வற்றுவதே இல்லை, புல் தண்ணீருக்குள் போய்விடுகிறது. அப்போது யானைகள் பக்கத்துக் கவுதுல்லவுக்குப் போய்விடும். அதனால் சென்னையிலிருந்தே ‘மின்னேரியா சஃபாரி’ என்று பணம் கட்டாதீர்கள். ஹபரணையில் இறங்கி, மதியம் ஜீப் டிரைவர்களிடம் இன்றைக்கு யானை எங்கே என்று கேளுங்கள். அவர்களுக்குள் போனிலேயே பேசித் தெரிந்து வைத்திருப்பார்கள்.

நான் 2024இல் கவுதுல்லவில் 74 வரை எண்ணினேன், பிறகு குட்டிகள் அம்மா காலுக்குள் ஓடி ஒளிந்ததில் கணக்கு தப்பிவிட்டது. (ஆடிட்டர் ஆபீஸ்காரிக்கே தப்பியது.) டிரைவரிடம், மற்ற ஜீப்புகளோடு போய் மொய்க்காமல் ஒரு ஓரமாக எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கலாமா என்று கேட்டேன். இருபது நிமிஷம் நின்றோம். ஒரு பெண் யானை புல்லைத் தின்னும் அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புல் கட்டையாக இருந்தது, துதிக்கையில் பிடிபடவில்லை. முன்கால் நகத்தால் லேசாகத் தரையைச் செதுக்கியது, நம் தோட்டக்காரர் களைக்கொத்தால் செதுக்குவாரே அப்படி. பெயர்ந்ததைத் துதிக்கையால் கூட்டிச் சேர்த்து, முழங்காலில் இரண்டு தட்டு தட்டி மண்ணை உதறியது, பிறகு வாய்க்குள். செதுக்கு, கூட்டு, தட்டு தட்டு, வாய். பக்கத்தில் குட்டியும் செதுக்கியது, தட்டியது, புல் எல்லாம் கீழே கொட்டிப்போய் வெறும் துதிக்கையை வாயில் வைத்துக்கொண்டது.

ஆண் யானைக்குத் தந்தம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இலங்கையில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது, எல்லாம் முதுமலையில் மக்னா என்போமே அந்த வகை. முதல் தடவை நான் எல்லாமே பெண் என்று எழுதி வைத்தேன்.

சிறுத்தைக்கு யால வேண்டாம், நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து அது தீவின் மறுகோடி. அனுராதபுரத்துக்கு மேற்கே வில்பத்து இருக்கிறது, பரப்பில் இலங்கையின் பெரிய தேசியப் பூங்கா. ‘வில்லு’ என்று சொல்கிற மழைநீர்க் குட்டைகள் மணற்கரையோடு நிறைய. கரடியும் உண்டு. ஹபரணையிலிருந்து அனுராதபுரம் போய் ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலை உள்ளே போய்விட்டு, மறுநாள் அப்படியே நீர்கொழும்பு வழியாக விமான நிலையம். மூன்று ஓட்டல் என்றேன், நாலு ஆகிறது, மன்னிக்கவும். நான் சிறுத்தையின் வால் மட்டும்தான் பார்த்தேன். காட்டுக்கோழி நிறையப் பார்த்தேன், ஆரஞ்சு மார்பு, கொண்டை நடுவில் மஞ்சள். இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆனால் அதைச் சொன்னால் வீட்டில் யாரும் மதிக்கவில்லை.

திமிங்கிலம்: திருகோணமலையில் கரைக்குப் பக்கத்திலேயே கடல் கிடுகிடு பள்ளம், அதனால் நீலத் திமிங்கிலம் அருகில் வரும். ஆகஸ்ட் என்பது சீசன் முடிகிற நேரம். நான் மூன்று முறை படகேறி ஒரே முறை பார்த்தேன், அதுவும் தூரத்தில் ஒரு ஊதல், ஒரு முதுகு, அவ்வளவுதான். 100 மீட்டருக்குள் போகக் கூடாது என்று விதி. துரத்தாத படகாகப் பார்த்து ஏறுங்கள்.


போர்ட்பிளேர் பித்தன்:

அக்கா, அடுத்த ஆகஸ்ட் நானும் உங்கள் கட்சி.


பெரம்பூர்வாசி:

டிக்கெட் போட்டாச்சு. காலை விமானம். நிலாவெளி ஐந்து ராத்திரி, ஹபரணை ஒன்று, அனுராதபுரம் இரண்டு. மனைவி மடிப்பாக்கத்தில் ஒரு நீச்சல் குளத்தில் காலை வகுப்பு சேர்ந்துவிட்டாள், சுறாவைப் பார்த்தே தீர வேண்டுமாம். மிருகக்காட்சிசாலை விஷயத்தை நான் சொல்லவில்லை, அவளே இந்தத் திரியைப் படித்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை, நான் என்ன சுட்டேனா?

கடைசியாக ஒன்று அக்கா. எனக்குக் கண் மைனஸ் நாலு. புதுச்சேரியில் லென்ஸ் இல்லாமல்தான் இறங்கினேன். கலங்கல் என்று சொன்னேனே, அது தண்ணீரா, என் கண்ணா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.


நீலாங்கரை ஆமை:

தம்பி! பவர் கண்ணாடி வைத்த மாஸ்க் கிடைக்கும், இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடியாக இருக்கிற மாடலாகப் பாருங்கள், ரெடிமேட் லென்ஸை மாட்டித் தருவார்கள். தண்ணீருக்குள் எல்லாமே கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அதனால் மைனஸ் மூன்றரை கிடைத்தாலும் போதும். இந்த வாரமே வாங்கி, உங்கள் மனைவி போகிற குளத்திலேயே போட்டுப் பாருங்கள். புதுசாக இருந்தால் உள்பக்கம் டூத் பேஸ்ட் தேய்த்துக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பனி மூடிவிடும், மறுபடி மஞ்சள் ஃபின் மட்டும்தான் தெரியும்.